காலி வீடாகத் தர வேண்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, நான் வீடு வாங்கப் போன இடத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்மேல் கோபப்படுவதைவிட இது நல்லது.

போன ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மும்பை செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. தரகர் பத்ரி கதவைத் தட்டவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். ஹாலில் ஒரு பெண் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருந்தார். இரவு வேலை பார்க்கிறவர், எழுந்திருக்க மாட்டார், நீங்கள் பாருங்கள் என்று பத்ரி இந்தியில் சொன்னார்.

நான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் காலைத் தாண்டிப் போய்க் குழாயைத் திறந்தேன். சமையலறை அலமாரியைத் திறந்தேன். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது இன்னொருவருடைய அலமாரி. வெளியே வரும்போது, சுவரில் ஈரம் இருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் தூங்கவில்லை. அது எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

2

[முதல் தொடக்கம்: "பூமாரி ஓர் ஏழைப் பெண்." அடித்துவிட்டேன். ஆறு வருடமாக ஒரு மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவரை இப்படி அறிமுகப்படுத்தினால், அவருக்கு நடந்ததெல்லாம் ஏழ்மையால் நடந்தது என்றாகிவிடும். அப்படி இல்லை.]

[இரண்டாவது: "மும்பை என்னும் மாநகரம் தன்னை நம்பி வந்தவர்களை" — வேண்டாம். மாநகரம் ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்கள் மூன்று பேர். ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் தரகர், மூன்றாவது நான்.]

[மூன்றாவது: "வாடகை கொடுத்து ஒருவர் குடியிருக்கும் இடத்துக்குள், அவர் உறங்கும் நேரத்தில் நுழைய எவனுக்கு" — பாதியில் நிற்கிறது. கோபம் சரியானதுதான். ஆனால் அந்த 'எவன்' நானே என்பதால் வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.]

நேராகவே சொல்கிறேன். கதை என்பதால் இனி 'அவள்' என்று எழுதுவேன். நேரில் பேசினால் 'நீங்க'தான்.

3

பூமாரி தாராவியில் பிறந்தவள். அப்பா அம்மாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை, எப்போதும் இரவுப் பணி. காலை எட்டரைக்கு வீடு வருவாள். பத்தாவது படிக்கும் மகள் இசக்கிப்ரியாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்குப் படுப்பாள். மூன்றரைக்கு எழுவாள். அந்த ஐந்தரை மணி நேரம்தான் அவளுடைய ராத்திரி. கணவன் நாகராஜ் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் இருக்கிறான். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான்.

வீட்டுக்காரர் வானமாமலை மாட்டுங்காவில் இருக்கிறார். ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் அவரை அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். ஜூலையில் அவர் போன் செய்து, வீட்டை விற்கப்போகிறேன், நாலு பேர் பார்க்க வருவார்கள், நீ பாட்டுக்கு இரு அம்மா என்றார். சரி அண்ணாச்சி என்றாள். அவர் வீடு, அவர் விற்கிறார். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன்னிடமிருந்த இன்னொரு சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதலில் வந்தவர்களுக்காக அவள் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர்கள் உட்காரவும் இல்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நான்காவது தடவை அவள் எழுந்திருக்கவில்லை. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். போர்வையின் ஓர இடுக்கில் வந்தவர்களின் பாதங்கள் மட்டும் அவளுக்குத் தெரியும். ஒருவன் அவள் தலைமாட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். ஒரு பெண், இவர்களை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று பத்ரியிடம் கேட்டாள். பூமாரியைக் கேட்காமல் ஐந்து வாரத்தில் பதினேழு பேர் அந்த வீட்டுக்குள் நடந்தார்கள்.

அதில் ஒருவன் வீடியோ எடுத்தான். கொடியில் காய்ந்த இசக்கிப்ரியாவின் உடுப்புகள், சுவரில் ஒட்டியிருந்த அவளுடைய படிப்பு அட்டவணை, தரையில் போர்வைக்குள் அவள் அம்மா, எல்லாம் அதில் விழுந்தன. வீடு விற்கும் ஓர் இணையதளத்தில் அது ஏறியது. வகுப்பில் யாரோ பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பினார்கள். இசக்கிப்ரியா இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அழவும் இல்லை. கொடியிலிருந்த துணியையெல்லாம் எடுத்து ஈரத்தோடு மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஈரத்துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுக்கத் தோன்றியது என்று பூமாரி என்னிடம் சொன்னாள்.

4

இந்த இடத்தில் வானமாமலையைப் பற்றி ஒரு சந்தேகம்.

ஒரு பிரதியில் அவருக்கு நோயாளி மனைவியைக் கொடுத்தேன். சிகிச்சைக்காக விற்கிறார் என்று எழுதினேன். நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று கணக்கு. இன்னொரு பிரதியில் பெரிய மீசை வைத்து அதட்ட வைத்தேன். இரண்டும் பொய். அவருடைய மனைவி நன்றாக இருக்கிறார். அவருக்கு நல்ல விலை வந்தது, விற்றார். விற்பது குற்றமே இல்லை. அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, அவளை 'அம்மா' போடாமல் பேசியதில்லை. அவ்வளவு மரியாதையோடு அடுத்தவர் வீட்டுச் சாவியைத் தெருவில் போகிற ஆளிடம் கொடுக்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

(அடுத்தவர் வீடா, அவர் வீடு அல்லவா என்று கேட்பீர்கள். கட்டடம் அவருடையது. வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் வரை அதில் வாழும் வாழ்க்கை அவருடையது அல்ல. இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்க வேண்டியதில்லை. நான் வக்கீலும் இல்லை.)

5

கீழ்வீட்டு சஃப்ரீன், வாடகை ஒப்பந்தங்களை எழுதிப் பதிவு செய்து கொடுக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறாள். பூமாரி தன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். அதைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் கையெழுத்து போட்டிருக்கிறாள். ஒரு முறையும் படித்ததில்லை. ஆங்கிலத்தில் இருந்தது.

சஃப்ரீன் வரி வரியாகப் படித்துச் சொன்னாள். முன்கூட்டித் தெரிவித்து, நியாயமான நேரத்தில்தான் வீட்டுக்காரர் உள்ளே வரலாம். ஏப்ரல் முப்பது வரை காலம் இருக்கிறது. இடையில் வீட்டை விற்றாலும், வாங்குகிறவரும் அதுவரை இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். அதன் பிறகும்கூட, உரிய இடத்தில் உத்தரவு வாங்காமல் யாரும் சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது.

"இது எல்லாம் இதுலயே இருக்கா?" என்று பூமாரி கேட்டாள்.

"உங்க கையெழுத்துக்கு மேலேயே இருக்குக்கா."

நாகராஜுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும், நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயில் வேறு வீடு பார்க்கலாம் என்றான். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதா என்று அவள் கேட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். மறுநாள் பட்டறைக்குக் கிளம்புமுன், அவனே கதவின் உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த முறை பத்ரியின் சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் வானமாமலையின் போன் வந்தது. என் வீட்டுக்கு நீயே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாயா அம்மா என்று வருத்தப்பட்டார்.

"வீடு உங்களுதுதான் அண்ணாச்சி. ஒறக்கம் என்னுது. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, மொத நாளே போன் பண்ணிட்டு. நானே கதவத் தொறந்து காட்டுதேன்."

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீர் நின்றது.

6

தண்ணீர் ஏன் நின்றது என்பதை நான் மூன்று பிரதிகளில் எழுதாமல் விட்டிருக்கிறேன். பைப் பழுது என்றுகூட ஒன்றில் இருக்கிறது.

செப்டம்பரில் விலை பேசி முன்பணம் கொடுத்தவன் நான். நானும் மாட்டுங்காவில் வாடகைக்குத்தான் இருந்தேன். எங்கள் ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. தீபாவளிக்குள் குடிபோக வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. அதனால் பத்ரியிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: காலி வீடாகத் தர வேண்டும். எப்படிக் காலி செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு வசதியானது என்று உங்களுக்கும் தெரியும்.

பூமாரி இரவுப் பணி முடிந்து, உடுப்புகூட மாற்றாமல், ஒப்பந்தத்தோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அங்கிருந்த ஹவல்தார் சொன்னார். தண்ணீரை நிறுத்துவது சட்டப்படி தப்பு என்று சஃப்ரீன் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சரி என்று அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி பத்தானதும் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டாள்.

ஹவல்தார் எழுப்பினார். வீட்டில் தூங்க விடமாட்டேன் என்கிறார்கள், எழுந்தால் முகம் கழுவத் தண்ணீர் இல்லை, தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போனால் நோயாளியைக் கீழே போட்டுவிடுவேன், எனக்கு இந்த இடம் போதும் என்று அவள் இந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள். வருகிறவன் போகிறவனெல்லாம் யார் இந்த அம்மா என்று கேட்க ஆரம்பித்தான். பன்னிரண்டு மணிக்கு ஹவல்தார் தாளை எடுத்துப் படித்தார். பிறகு வானமாமலைக்குப் போன் போட்டார். மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது.

இந்தக் கதையில் நான் கூட்டிச் சொல்லாத இடம் இது. கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

7

அளவெடுக்க வேண்டும் என்று பத்ரியிடம் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு நாலு மணி என்று நேரம் வந்தது. நான் போனபோது பூமாரி வாசலில் நின்றுகொண்டு முதலில் என் காலைப் பார்த்தாள். வலது கால் கட்டைவிரலில் எனக்கு நகம் கிடையாது.

"நீங்கதான சுவர் ஈரம்னு சொன்னது?"

ஆமாம் என்றேன்.

"காலி வீடா வேணும்னதும் நீங்கதானா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை, டீ போட்டும் தரவில்லை. ஒப்பந்தத்தைப் பிரித்து, தேதி இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

"ஏப்ரல் முப்பது. பிள்ளைக்கு மார்ச்சுல பரீட்சை. நீங்க வாங்கினா வாடகைய உங்க கையில குடுக்கேன். வாங்கலன்னா வேற ஆள் வருவாங்க, அவங்ககிட்டயும் இதத்தான் காட்டப்போறேன்."

உள் கதவருகே இசக்கிப்ரியா புத்தகத்தோடு நின்றிருந்தாள். அளக்கும் டேப் என் பையிலேயே இருந்தது.

8

முடிவுகள்.

ஒன்று: வாங்குபவர் வெட்கப்பட்டு விலகிவிடுகிறார். [அழகாக இருக்கிறது. ஆனால் விலகினால் அடுத்து வருகிறவன் ஆள் வைத்துக் கதவை உடைப்பான். வெட்கம் எனக்கு, விளைவு அவளுக்கு.]

இரண்டு: வழக்கு, தீர்ப்பு, வெற்றி. [அவ்வளவு நாள் அவளால் விடுப்பு எடுக்க முடியாது.]

மூன்று, நடந்தது: நவம்பரில் நான் வாங்கினேன். 'காலியாக' என்ற சொல்லைப் பத்திரத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். நாங்கள் காட்கோபரில் சில மாதங்களுக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறோம். மனைவிக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பூமாரி பத்து மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுகிறாள்.

இதை இப்படி எழுதியிருந்தேன்: "வாங்கியவர் மனமிரங்கி, பூமாரியை ஏப்ரல் வரை அந்த வீட்டில் இருக்க விட்டார்." எழுதியது எனக்கே பிடித்திருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், ஜனவரியில் வாடகை வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை, கதை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இந்த வரிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க என்ன சார் விடுதது?"

எனக்கு உடனே புரியவில்லை.

"நீங்க விட்டு நான் இருக்கல. அக்ரிமெண்ட்ல இருக்கு, நான் இருக்கேன். அத வெட்டுங்க."

வெட்டிவிட்டேன். அங்கே என்ன போடலாம் என்று கேட்டேன். ஏப்ரல் வரைக்கும் இருக்கிறார்கள் என்று போடச் சொன்னாள். அதற்குப் பிறகு? என்றேன். மகளைக் கூப்பிட்டு, வாடகை ரசீதில் நான் தேதி சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்க்கச் சொன்னாள்.

ஏப்ரலுக்குப் பிறகு நடப்பதை எழுத நான் தகுதியான ஆள் இல்லை. நான் இப்போது வீட்டுக்காரன். என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவேன். அதை நீங்கள் எழுதுங்கள். என்னிடம் கேட்காமல், அவரிடம் கேட்டு எழுதுங்கள்.