திறக்கக் கூடாத பெட்டி

மெக்கானிக் முருகவேல் இன்டர்காம் பெட்டியின் மூடியில் திருப்புளியை வைத்ததுதான் தாமதம், மூலையில் உட்கார்ந்திருந்த ஞானாம்பாள் எழுந்து வந்து குறுக்கே நின்றாள். அவள் புருஷன் சென்னிமலையை மின்மயானத்தில் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் குளித்த தலை இன்னும் உலரவில்லை.

“அதத் தொறக்க வேண்டாந் தம்பி. காயலாங்கடைக்குப் போட்டுருங்க.”

“மணி கரகரங்குதுன்னு குணா தம்பிதான் நேத்துக் கூப்பிட்டாருங்க அக்கா. துக்கம்னு தெரியாம வந்துட்டனுங்க.”

“நீங்க பாருங்கண்ணா,” என்றான் மகன் குணா. “அப்பா ஆசையா வாங்கி மாட்டுனது. எப்படியாவது ரிப்பேர் பண்ணியே ஆகோணும்.”

மண்ணரைப் பகுதியில் அவர்களுக்குக் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு சென்னிமலைக்கு அந்தப் பெட்டிதான் வாய். செல்போனில் பெயரைத் தேட விரலில் தெம்பில்லை. படுக்கையோரத்து ரிசீவரை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினால் கீழே ஆபீசில் இருக்கும் பெட்டியில் மணி அடிக்கும். ஞானாம்பாள் போட்டது போட்டபடி மாடியேறுவாள்.

பையன் பாசக்காரன். மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல், பெட்டிக்குள் அடைந்திருந்த பஞ்சுத் தூசியை நேற்றே ஏர் பைப்பால் அடித்துவிட்டான், நிட்டிங் மெஷினுக்கு அடிப்பதுபோலவே. மழைக்காலத்தில் கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரையும் சேர்த்துத் துப்பும். பக்கத்திலேயே நின்ற ஞானாம்பாளுக்கும் அது தோன்றவில்லை.

இன்று காலை மணி அடிக்கவில்லை. தூங்குகிறார் என்று இருந்துவிட்டாள். காப்பியோடு போனபோது ரிசீவர் அவர் கையில் இருந்தது, விரல் பட்டன்மேல். காதில் வைத்துப் பார்த்தாள், ஒரு சத்தமும் இல்லை. அதை இடத்தில் வைத்துவிட்டுத்தான் மகனைக் கூப்பிட்டாள். “தூக்கத்துலயே போயிட்டாரு கண்ணு.”

மூடியைத் திறந்தால், மகன் அடித்த காற்றில் தண்ணீர் ஏறியது தெரிந்துவிடும். அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துப் போனது குணாவுக்கும் புரிந்துவிடும். பாவிப் பிள்ளை, அப்புறம் எப்படித் தூங்குவான்?

“ஒதுங்கும்மா.”

“எனக்கு அந்தப் பெட்டியே ஆகாது. மணியடிச்சே உசுர வாங்கிருச்சு. ஏறி எறங்கி என் முட்டியே போச்சு.”

குணாவின் முகம் மாறிவிட்டது. “அப்பாவப் பாத்துக்கறது அத்தன பாரமாம்மா உனக்கு?”

“ஆமா.”

அந்த மணி இன்னொருதரம் அடிக்காதா என்று காலையிலிருந்து ஏங்கித் தவிக்கிறவள்தான் அதைச் சொன்னாள்.

முருகவேல் தலையைக் குனிந்துகொண்டே, மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கழற்றிக் காயலாங்கடைக்கென்று வண்டியில் கட்டினான்.

சாயங்காலம் சொந்தக்காரர் வீட்டிலிருந்து சோறு வந்தது. குணா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

“ரசம் ஊத்தட்டுமா சாமி?”

இலையில் சோறு அப்படியே கிடந்தது. குனிந்து ஒரு கரண்டி ஊற்றினாள். அவன் பிசையட்டும் என்று பின்னாலேயே நின்றாள்.