நாற்பது நோட்டீஸ், மும்மூன்று நகல்

மெஷின் சூடேறுவதற்குள் கடன் கம்பெனிப் பெண் போன் செய்துவிட்டாள். "சார், தவணையை இன்னைக்கு எத்தனை மணிக்குக் கட்டுறீங்க?" ஏதோ இவர்தான் தினமும் ஞாபகப்படுத்தச் சொன்னதுபோலக் கேட்பாள். ஜெராக்ஸ் கடைக்காரரும் மூன்று மாதமாகச் சொல்லும் பதிலையே சொன்னார். "வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றேன்? எதிர்ல காலேஜ்லயே ஒரு மெஷின் வாங்கிப் போட்டுட்டாங்கம்மா. அடுத்த மாசம் பரீட்சை. அந்தக் கூட்டத்துக்கு அது ஒண்ணு தாங்காது, எல்லாம் இங்கதான் ஓடி வரும். ஒரே ஒரு மாசம் குடுங்க." அவள் எழுதிவைத்ததைப் படித்தாள். சட்ட நடவடிக்கை எடுப்போம், மெஷினைத் தூக்குவோம். "தூக்கிட்டுப் போயிட்டா அப்புறம் எதை வச்சு நான் கட்டுறது?" என்று கேட்டார். போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது.

அந்த மெஷினுக்குத்தான் கடன். கடையில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் மனைவி பாய் போட்டு உட்கார்ந்து அடையாள அட்டைகளுக்கு லேமினேஷன் போடுவாள். மெஷின் போனால் மிஞ்சுவது அந்த லேமினேஷன் பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான். அதை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியுமா, வீட்டில் அடுப்பெரியுமா?

பதினோரு மணிக்கு டை கட்டிய ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். "ஆபீஸ் மெஷின் படுத்துடுச்சுங்க. நாப்பது இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மூணு காப்பி. ரொம்ப அவசரம்."

நூற்றிருபது பக்கம்! கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். இருந்த ஒரு ஸ்டூலைத் துடைத்து வாசலில் போட்டார். மெஷினின் விலாவில் வழக்கமான தட்டு ஒன்று தட்டிக் காகிதங்களை மேல்தட்டில் அடுக்கினார். அது ஒவ்வொன்றாக இழுத்து விழுங்கத் தொடங்கியது. டைக்காரர் உட்காரவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், இன்னைக்கே குடுத்துடறேன் சார், நாப்பதும் சார்" என்று காற்றுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

பதினேழாவது தாள் மெஷினில் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் மூடியைத் திறந்து, உருளையை விரலால் பின்னோக்கிச் சுற்றி, தாளைப் பதமாக வெளியே எடுத்தார். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவும்போதுதான் கண்ணில் பட்டது. அவர் பெயர். அவர் அப்பா பெயர். கடை விலாசம். ஏழு நாளைக்குள் கட்டாவிட்டால் மெஷின் பறிமுதல்.

அடப்பாவிகளா!

மனைவி எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னங்க, நம்மளுதா?" என்றாள் அடிக்குரலில். "கிழிச்சுப் போடுங்க."

"கிழிச்சா இன்னொண்ணு அடிப்பான். அதையும் காப்பி எடுக்க நம்மகிட்டதான் கொண்டு வருவான்."

"சொந்தக் காசுல சூனியம்னு சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

"சொந்தக் காசு ஏது? அவன் காசு. பேசாம இரு."

இத்தனை வருஷத்தில் அவர் கடையில் ஒருத்தருடைய அசல் தாளும் கிழிந்ததில்லை. நீவிய தாளைத் திரும்ப வைத்தார். மூன்று நகலும் பளிச்சென்று விழுந்தன. எரிச்சல் எரிச்சலாக வந்தது. இந்த மெஷின் இவ்வளவு தெளிவாக எடுத்துத் தொலைக்க வேண்டுமா?

கட்டு முடிந்ததும் டைக்காரர் பையில் திணித்துக்கொண்டார். "கம்பெனி பேர்ல பில் போட்டுடுங்க. மாசக் கடைசியில வந்துடும்."

"என்னது?"

"கையில காசு குடுக்க மாட்டாங்க சார். எப்பவும் ஒரு மாசம் ஆகும்."

கடைக்காரர் பையில் துருத்திக்கொண்டிருந்த கட்டிலிருந்து தன் தாளை உருவிக் கவுண்டரில் ஓங்கி வைத்தார். "இது யாரு தெரியுதா? நான்தான். இதுல போட்டிருக்கற மெஷின் இதுதான். மூணு மாசமா நான் கேட்டதும் இந்த ஒரு மாசத்தைத்தானே சார்! உங்க கம்பெனின்னா கேக்காமலே ஒரு மாசம், எனக்குன்னா ஏழு நாளா?"

டைக்காரர் தாளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். டையைத் தளர்த்திக்கொண்டு கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் சேர்ந்தே ஒரு வாரம்தான் சார். சாயங்காலத்துக்குள்ள நாப்பதையும் குடுக்கலைன்னா நாளைக்கு நான் வர வேண்டாம்னுட்டாங்க." கவுண்டரில் இருந்த தாளை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுதை இப்பவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டீங்கன்னா, எனக்கு ஒரு வீடு குறையும்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரருக்கு வரவில்லை. இந்த ஆளைத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்றே என்றுதான் ஆத்திரமாக வந்தது. கல்லில் நார் உரிக்க இன்னொரு கல்லை அல்லவா அனுப்பியிருக்கிறார்கள்!

"பில் எழுது" என்றார் மனைவியிடம். பிறகு அவரைப் பார்த்து, "முதல்ல இதுல நீங்க போடுங்க. அப்புறம் அதுல நான் போடறேன்."

கடையில் இருந்தது ஒரே பேனா. இரவல் வாங்குகிறவர்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள் என்று நூல் போட்டு மெஷின் காலில் கட்டியிருந்தது. நூல் வாசல்வரை எட்டவில்லை. டைக்காரர் கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்தார். இருவருக்கும் நிற்க இடமில்லை, தோள் இடித்தது. மெஷின் மூடியே மேஜை. இன்னும் சூடு ஆறாத அதன்மேல் பில்லையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் போட்டு முடிக்கும்வரை மற்றவர், நூல் இழுபடாமல் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.