அப்பிரதட்சண ரவுண்ட்ஸ்

"ஒரு வாரம் டைம் கேட்டீங்க. ஒரு நாள் தரேன்" என்றார் டீன் சக்கரபாணி. "இன்னைக்கு ரவுண்ட்ஸ் ஒழுங்கா நடந்தா உங்க புதுத் திட்டம். நடக்கலேன்னா நாளையிலேர்ந்து பழையபடி முப்பது பேரும் என் பின்னாடி நிப்பாங்க."

டாக்டர் தேவிப்ரியா தலையாட்டினாள். குழந்தைகள் வார்டில் மாணவர்களுக்குப் புதிய பயிற்சிமுறை ஒன்றை ஆறு மாதம் உட்கார்ந்து உருவாக்கியிருந்தாள். பழைய முறையில் முன்வரிசை மாணவனுக்குக் குழந்தை தெரியும். பின்வரிசைக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரியும். எனவே கூட்டத்தை உடைத்து, ஆறு ஆறு பேராக, ஒரு நேரத்தில் இரண்டு குழுக்களை மட்டும் அனுப்புவது என்று வைத்தாள். முதல் விதி: கட்டிலருகே குந்தி உட்கார்ந்து குழந்தையின் பெயரைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேஸ் ஷீட்டைத் தொடலாம்.

"பேரா? அதான் ஷீட்லயே இருக்கே!" என்று டீன் சிரித்திருந்தார்.

வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள். நடுவில் நர்ஸ் மேஜை. நெரிசலைத் தவிர்க்க, வாசலிலிருந்து ஒரு குழு இடது வரிசையிலும் இன்னொன்று வலது வரிசையிலும் தொடங்கட்டும் என்று தேவிப்ரியா வரைபடமே போட்டிருந்தாள். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது.

காலையில் இரண்டு குழுக்களும் புறப்பட்டன. வலது வரிசை அம்மாக்கள் மத்தியில் சலசலப்பு.

"இன்னாம்மா இது, இவங்க இப்படி வராங்க?"

"அதானே! மலையச் சுத்துறப்போ யாராவது இப்படிச் சுத்துவாங்களா?"

"தலைகீழாச் சுத்தி வந்தா புள்ள எப்படிம்மா குணமாவும்? வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, பாரு!"

மலைக்குப் பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூரில் பிறந்தவள் தேவிப்ரியா. பௌர்ணமி தவறாமல் மலையை வலம் வருகிறவள். ஆனால் வார்டுக்கு வரைபடம் போட்டபோது அது மட்டும் தோன்றவே இல்லை. இத்தனை வருடமாகப் பெரிய டாக்டர்கள் எல்லோரும் இடது வரிசையில் தொடங்கி, நர்ஸ் மேஜையை வலம் வந்தே பழக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

உறைத்தது கொஞ்சம் தாமதமாக. சிஸ்டர் எழிலரசி ஊசி மருந்து எடுக்க உள்ளே போன இடைவெளியில், அம்மாக்கள் பஸ்ஸில் சீட் மாறுவதுபோல் கட்டில் மாறிவிட்டார்கள். எட்டு மாதக் கவிநிலாவை அள்ளிக்கொண்டு அவள் அம்மா, சரியான திசையில் வரும் குழு இன்னும் எட்டாத இடது வரிசைக் கோடிக்கு ஓடினாள். அந்தக் கட்டிலில் இருந்த சுல்தானா, மகன் சமீரோடு தாராளமாக இடம் கொடுத்தாள்.

"எங்களுக்கு எப்படி வந்தாலும் ஒண்ணுதான்க்கா. உங்க கட்டிலுக்கு மேல ஃபேன் இருக்குது. அதான் வேணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கட்டில்களின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டுகள் மட்டும் இடம் மாறவில்லை.

அப்போதுதான் டீன் உள்ளே நுழைந்தார். நேராக வலது வரிசைக்கு வந்து, குழுவை ஒதுக்கிவிட்டு, ஷீட்டை உருவினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"எட்டு மாசம். பெண் குழந்தை. சளிக்காய்ச்சல். இப்போ பரவாயில்லே. தாய்ப்பால் தொடரட்டும்."

"எனக்கு வேணாம்" என்றது கட்டில்.

டீன் நிமிரவில்லை. "பல் முளைச்சிருக்கா?"

"விழுந்தே போச்சு சார். ரெண்டு."

கட்டிலருகே குந்தியிருந்த மாணவன் விமல்ராஜ் மெல்ல இருமினான். "சார், பேர் கேட்டுட்டேன். இவன் சமீர். ஒண்ணாங் கிளாஸ். மூக்குல வேர்க்கடலை போட்டுக்கிட்டு வந்தவன்."

"எடுத்துட்டாங்க" என்று சமீர் மூக்கைத் தூக்கிக் காட்டினான். "இன்னொண்ணு பாக்கெட்ல இருக்குது."

டீன் ஷீட்டைப் பார்த்தார், சமீரைப் பார்த்தார், தேவிப்ரியாவைப் பார்த்தார். "உங்க திட்டத்தாலதான் வார்டே கலைஞ்சு கிடக்கு, டாக்டர்!"

"ஆமா சார். வழி போட்டது என் தப்பு" என்றாள் தேவிப்ரியா. ஆனாலும் விடவில்லை. "ஆனா கலைஞ்சதைக் கண்டுபிடிச்சது ஷீட் இல்ல சார். பேர் கேட்ட பையன். கேக்காம இருந்திருந்தா பாப்பாவோட மருந்து இவனுக்குப் போயிருக்கும். இவனோடது பாப்பாவுக்கு."

டீன் ஷீட்டைத் திரும்ப மாட்டினார். வாசலை நோக்கித் திரும்பி இரண்டடி வைத்தார்.

"சார்! சார்!" வரிசையே கத்தியது. "அப்படியே போவாதீங்க! அந்தப் பக்கத்திலேர்ந்து ஒரு சுத்து முழுசா சுத்திட்டுப் போங்க! புள்ளைங்க இருக்குறாங்க!"

டீன் சக்கரபாணி தயங்கினார். பிறகு இடது வரிசையில் தொடங்கி, நர்ஸ் மேஜையை வலம் வந்தார். எந்த ஷீட்டையும் நம்பி எதையும் சொல்ல வழியில்லை. ஆகவே கட்டிலுக்குக் கட்டில் நின்று பெயர் கேட்டார். பேச்சு வராத கவிநிலாவுக்கு அவள் அம்மா பதில் சொன்னாள். கடைசியில் மீண்டும் சமீர்.

"எல்லார் பேரும் கேட்டீங்க. உங்க பேர் இன்னா?"

"நான் டீன்."

"அது வேலை. பேரு?"

டீன் சுற்றுமுற்றும் பார்த்தார். மெல்லக் குந்தினார். முழங்கால் படக்கென்றது. "சக்கரபாணி" என்றார், சமீரின் முகத்துக்கு நேராக.

சமீர் யோசித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த வேர்க்கடலையை அவரிடம் நீட்டினான்.

டீனால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. விமல்ராஜ் ஒரு கையையும் தேவிப்ரியா ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். பாதி எழுந்த நிலையில் டீன் சொன்னார்:

"நாளையிலேர்ந்து ரெண்டு குழுவும் இடது பக்கமே கிளம்பட்டும். ஒண்ணு போய்க் கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு."

"நாளைக்குமா சார்?" என்றாள் தேவிப்ரியா.

"பின்னே? அப்புறம், எனக்கு ஒரு முக்காலி போடுங்க."