அண்டா ஒன்றுக்கு

சாயக் கழிவுநீருக்கு வரி வரப்போகிறது, அதை எப்படிப் போடுவது என்று கேட்க அதிகாரி விக்ரம் சாயக்காரர்களைக் கூட்டியிருந்தார். வசூலாகும் பணம் சாக்கடையைச் சுத்தம் செய்யவே செலவாகும் என்றார்.

சைதுன் முன்வரிசையில் இருந்தாள். கணவன் இறந்த பிறகு, பிள்ளையார்பாளையத்து வீட்டின் பின்கட்டில் தனியாளாகப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைப்பவள். வரி தாங்காவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

“கொட்டுற தண்ணிய அளந்து போடுங்க சார். என்னுது ரொம்ப கொஞ்சம்.”

“மீட்டர் வைக்க ஃபண்ட் இல்லம்மா.”

செவிலிமேட்டில் பெரிய பட்டறை வைத்திருக்கும் தனசேகரன் எழுந்தார். “பாயம்மா சுத்தக்காரங்க சார். எப்படி வேல செய்றாங்கன்னு கேளுங்க.”

சைதுனுக்குப் பெருமை தாங்கவில்லை. “செவப்புக்குத் தனி அண்டா, மஞ்சளுக்குத் தனி, பச்சைக்குத் தனி. கலரு மாத்தறப்ப கழுவி ஊத்துற வேலையே கெடையாது.”

“பாத்தீங்களா சார், வரிசையா அண்டா வெச்சிக்கினு இருக்காங்க. எனக்கு ஒரே தொட்டி. எண்ணிப் போட்டுடுங்க, சுலபம்.”

“உன் தொட்டில என் ஊடே முங்கிடுமேப்பா.”

“ஊட்டுக்கா வரி போடறாங்க?”

கூட்டம் சிரித்தது. அண்டாவோ தொட்டியோ, ஒன்றுக்கு இவ்வளவு என்று விக்ரம் எழுதிக்கொண்டார்.

சைதுன் ஓர் அண்டாவை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டாள். இப்போது ஒவ்வொரு நிறத்துக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியிருந்தது. வாசல் சாக்கடையில் முன்பு இல்லாத அளவு சிவப்பு ஓடியது. விக்ரம் அதைத் தாண்டி உள்ளே வந்து, ஒன்று என்று எண்ணி, “குட், பொல்யூஷன் கொறைச்சிட்டீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூல் கொடுக்கும் வரதராஜன் மஞ்சள் நூல் கழியைத் திருப்பிக் கொண்டுவந்தார். “இன்னாம்மா இது, சிரங்கு புடிச்ச மாரி செவப்பு தட்டுது? கல்யாணப் பொடவைக்கு ஆவுமா?” அடுத்த நூல் தனசேகரனுக்குப் போயிற்று.

சைதுன் அவரிடமே வேலை கேட்டுப் போனாள். பட்டறையில் புது மெஷின் நின்றது.

“வரிப்பணத்துல மானியம் குடுத்தாங்க பாயம்மா, தொட்டிய கொறைக்கிறவங்களுக்கு. என்னுது ஒண்ணுதானே, மொத ஆளா குடுத்துட்டாங்க. கழுவ ஆள் இல்ல, நீ இருந்துக்கோ.”

தொட்டியைக் கழுவி முடித்து, கழிவுநீர்க் குழாயில் இரண்டு திருகு இருப்பதைப் பார்த்து எதைத் திறப்பது என்று கேட்டாள்.

“ஆபீசர் வந்தா இந்தப் பக்கம், சுத்திகரிப்புக்கு. மத்தபடி அந்தப் பக்கம், பாலாறு.”

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

“பரவால்ல, சீக்கிரம் கத்துக்கினே,” என்றார் தனசேகரன்.