பால் கலவாத வீடு

மான்செஸ்டரில், ஆன்கோட்ஸ் சந்து ஒன்றில், ஈனாக் டாட்டர்சலின் வீட்டில் தேநீரில் ஊற்றிய பால் கலப்பதை நிறுத்திக்கொண்டது. எவ்வளவு கலக்கினாலும் வெள்ளை நூலாகச் சுற்றிவந்து, நூலாகவே கிடந்தது. அடுப்புப் புகையும் அப்படித்தான். காற்றடித்தாலும் கலையாமல், கம்பி நட்டதுபோல் நேரே மேலே போயிற்று. காயப்போட்ட துணியில் கரி விழவில்லை என்று எதிர்வீட்டு மிஸஸ் கிளெக்குக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், "நல்ல குடும்பத்துப் புகை இப்படியா போகும்?" என்று நாலு பேரிடம் கேட்டு வைத்தாள்.

ஈனாக்குக்குச் சந்தேகமெல்லாம் மாடியறைக்குக் குடிவந்த பில்லிங் மேல். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை, பூனை நடை. அவன் வந்த வாரம்தான் பால் முரண்டு பிடித்தது. அதே வாரம்தான் சாயப்பட்டறையில் ஈனாக்கை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்பது வேறு விஷயம். சொன்னால் மனைவி செலினா போல்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயந்து அவன் வாயே திறக்கவில்லை. விடிந்ததும் மரச்செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்து, ஆலைச்சங்கு ஊதியதும் திரும்பினான். செலினாவோ என்றுமில்லாத அன்போடு ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். அந்த அன்பைக் கண்டுதான் அவளுக்கும் பில்லிங்குக்கும் ஏதோ இருக்கிறது என்று அவன் முடிவு கட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் வேளையில் பில்லிங்கின் சட்டையைப் பிடித்துவிட்டான். "பாலை என்னடா பண்ணினே?"

"ஐயோ அண்ணே, நான் ஒண்ணும் பண்ணல! எங்க கூடத்துல கண்ணாடிக் குழாய்ல தண்ணி விட்டு, நடுவுல சாயம் நூலா விடுவோம். தண்ணி மெதுவாப் போனா நூல் கலையாது. வேகம் கூடினா சட்டுனு சுழிச்சுக் கலங்கிடும். ஆனா யாரும் அசங்காம இருந்தா, பேய் வேகத்துலயும் நூல் நூலாவே போகும். அப்ப தெருவுல ஒரு வண்டி போனாப் போதும், அத்தனையும் கலங்கிடும். இந்த வீட்டுல யாரோ எதையோ மறைச்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

ஈனாக் மனைவியைப் பார்த்தான். "இவன்தானே? சொல்லிடு."

"இவனா! இவன் காலுறை நாத்தத்துக்கே ஊரு ஓடும். உன் கையைப் பாருய்யா! கல்யாணத்தன்னிக்கே சாயம் ஏறி நீலமா இருந்த கை, இப்பப் பாதிரியார் கை மாதிரி வெளுத்துக் கெடக்கு. எவ வீட்டுல கழுவிட்டு வர்றே?"

"எவளும் இல்ல. வேலை போச்சு, செலினா."

"அதைச் சொல்ல வாயில்லையா உனக்கு, தடியா!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கோப்பைகளிலும் பால் சுழித்துக் கலந்தது. புகை உள்ளே திரும்பிக் கூடமெங்கும் சுருண்டது. அந்தப் புகைக்குள்ளேயே இருவரும் இருட்டும்வரை சண்டை போட்டார்கள். போல்டனுக்குக் கிளம்புவதற்கு செலினா ஒருமுறை தொப்பிகூட மாட்டிவிட்டாள். பிறகு கழற்றி ஆணியில் தொங்கவிட்டாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். ஒவ்வொரு பட்டறையாக் கேப்போம். என்கிட்ட மறைச்சுத் தனியாப் போய் உக்காந்தே, தொலைச்சுடுவேன்."

ஈனாக் விசும்பி அழுதான். பால் ஏன் கலந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆறிப்போன தேநீரை மூன்று பேரும் குடித்தார்கள்.