எழுபதாவது வளைவில் ஒரு குடம்

எழுபது முடிஞ்சா அப்புறம் எதம்மா எண்ணறது என்று பூங்குழலி கேட்டது இந்த மலையின் கடைசி வளைவில்தான், ஏழு வயது, அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வளைவுப் பலகைக்கும் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவள், பேசாம வாடி, எண்ணி எண்ணித்தான் உனக்குத் தலை சுத்துது என்று கலைமணி அதட்டினாள், ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம்... அடுத்த மாதம் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான், மகள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அதே மலையில், கூடாரம் என்று பெயர் வைத்த மாளிகையில் கலைமணி உட்கார்ந்திருக்கிறாள், துணிச் சுவர், தேக்குக் கட்டில், வெளியே செம்பருத்தி மிதக்கும் குளியல் தொட்டி, இரண்டு பேர் குளிக்க இவ்வளவு தண்ணீரா, வாசலில் பெரியவர்களுக்கு மட்டும் என்று செதுக்கிய பலகை. கணவர் அர்த்தனாரி தேடித் தேடிப் பிடித்த இடம். ஹோட்டலில் பக்கத்து மேஜைக் குழந்தை சிரித்தால் மனைவி இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறாளே, அந்தச் சத்தமே இல்லாத இடத்தில் இரண்டு நாள் இருந்தால் மனசு ஆறும் என்று நினைத்தார், பாவம். இடம் பதிவு செய்யும்போது போனில் ஒரு பெண் கேட்டாள், கொழந்தைங்க யாரும் இல்லீங்களே சார்? இல்லீங்க, நாங்க ரெண்டு பேருதான் என்றார், அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார், அதைக் கலைமணி பார்த்தாள், பார்க்காதது போல வெங்காயம் உரித்தாள்.

அவர் இன்னும் தூங்குகிறார், தூங்கட்டும். விடிந்துவிட்டது, பத்து மணிக்குக் காலி செய்து இறங்க வேண்டும், இறங்கும்போது அவர் காரை நிறுத்தமாட்டார், அந்த வளைவு வந்தால் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொள்வார்... காபி கொண்டுவந்த தேன்மொழி, பக்கத்து ஆலத்தூர் நாட்டுக்காரி, ஏனுங்க அக்கா, மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்குது, தூங்கலீங்களா என்றாள். சத்தமே இல்லையே, எப்படித் தூக்கம் வரும்? அதச் சொல்லுங்க, எங்கூட்டு ரெண்டும் போடற கூச்சலு மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும், இங்க வந்தா எனக்கே காது அடைச்ச மாதிரி இருக்குதுங்க என்று சிரித்தாள், அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் சிரித்திருக்கமாட்டாள். எழுபதாவது வளைவுல ஒரு அம்மா கொய்யாப்பழம் விப்பாங்களே என்று கலைமணி கேட்டுவிட்டாள். அத்தாயி அத்தைங்களா? இன்னும் கடை போடுதுங்க, ஒம்பது மணிக்கு வரும். முட்டி வலி, ஊத்துக்கு எறங்க முடியல, இருந்தாலும் அந்தக் குடத்த மட்டும் உடமாட்டேங்குது. நாங்க சொன்னா, நீ என்னடி கண்ட, கக்கற புள்ளைக்கு என் முட்டியா முக்கியம்னு திட்டுது.

அந்தக் குடம். எழுபது வளைவும் சுற்றி வருகிற குழந்தைகள் அங்கேதான் வாந்தி எடுக்குமாம், அதற்காகவே அத்தாயி கடையோரம் ஒரு குடம் தண்ணீர் வைப்பாளாம். பூங்குழலி குடல் வெளியே வருவது போல எடுத்தாள், முகம் கழுவி, பாவாடை அலசி, வாய் கொப்பளித்து, குடம் முழுவதும் தீர்ந்துவிட்டது. உங்களுக்குத் தண்ணி? என்று குழந்தைதான் கேட்டது, பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. கீழ ஊத்து இருக்குது கண்ணு, நான் மோந்துக்கறேன். வேண்டாம் பாட்டி, திரும்பி வாரப்ப நானே மோந்தாந்து தாரேன். வருவியா சாமி? வாரேன். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்பும்போது மழை, மூடுபனி, அர்த்தனாரிக்கு அவசரம், கார் நிற்கவில்லை, குழந்தை கண்ணாடியைத் தட்டியது, அம்மா, குடம், அம்மா... அடுத்த தடவ பாத்துக்கலாம் என்று சொன்னது யார்? நான்தானே. வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றாமல் போன பிள்ளையை ஈசுவரன் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பான்? இரண்டு வருஷமாக விளக்கேற்றாதவளுக்கு அதைக் கேட்க வாய் ஏது?

செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வளைவுக்கு நடந்தாள், பத்து நிமிஷ நடைதான். கடையில் ஆளில்லை, தார்ப்பாய்க்குக் கீழே பச்சைக் குடம் கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் தட்டும் சொம்பும், குளியல் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது... இல்லை, குழந்தை மோந்தாந்து தாரேன் என்றுதான் சொன்னது. குடத்தையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு பாறைச் சரிவில் இறங்கினாள், இந்த முட்டி வலிக்காரி தினமும் எப்படி இறங்கினாள், ஊற்று கை நனைகிற அளவுக்குத்தான் சுரந்தது, சொம்பு சொம்பாக மொண்டு நிரப்பினாள். ஏறும்போது மூச்சு வாங்கியது, புடவை நனைந்தது, அடுத்த கால் எங்கே வைப்பது என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை, வாய் மட்டும் என்னவோ முணுமுணுத்தது... அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது, ரோடு இன்னும் வரவில்லை, இன்னொரு அடி, எழுபத்தொன்று. நின்றுவிட்டாள். எழுபத்தொன்று கண்ணு. இவ்வளவுதானா, இதைச் சொல்லவா அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை?

கல்லின் மேல் குடத்தை வைத்து, தட்டால் மூடி, அதன் மேல் சொம்பைக் கவிழ்த்தாள். நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை, இறங்கும்போது இருந்த பாரம் அப்படியே இருந்தது. இன்றைக்கு எவள் பெற்ற பிள்ளையோ இதில் வாய் கொப்பளிக்கும், அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு போகும்... அந்த முகம் தெரியாத பிள்ளையின் மேல் இன்று கோபம் வரவில்லையே, ஏன்? ரோட்டில் இரண்டு பக்கமும் யாருமில்லை. வெயில் ஏறினால் தண்ணீர் சூடாகிவிடும் என்று குடத்தை ஒரு முழம் நிழலுக்குள் நகர்த்திவிட்டு, ஈரக் கையைத் துடைக்காமல் நடந்தாள்.