ஜன்னலோரப் பெஞ்ச்

மரச்சிற்பப் பட்டறையில் ஜன்னலை ஒட்டி, உட்கார்ந்து சிற்பம் செதுக்குகிற பெஞ்ச் ஒன்று காலியாகக் கிடந்தது. குடோனில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போனதிலிருந்து மாப்பிள்ளைக்கு அதன் மேல்தான் கண். பட்டறை அவர் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் முடியாது என்று சொல்லவில்லை.

“முதல்ல கத்தி தீட்டக் கத்துக்குங்க மாப்ள. நீங்க தீட்டுன கத்தி என்னைக்கு முடி வழிக்குதோ, அன்னைக்கே பெஞ்ச் உங்களுக்கு” என்றார். வாய்க்கு வாய் ‘வாங்க, போங்க’ என்பார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் மனுஷன் தோலை உரிப்பார்.

மாப்பிள்ளை கல்லை நனைத்து உட்கார்ந்தார். தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் விளிம்பு சுருக்கென்று பிடித்தது. ஆஹா, கூர் வந்துவிட்டது என்று ஓடினார். மச்சான் அதைக் கட்டையில் ஒரு இழுப்பு இழுத்தார். மரம் நார்நாராகக் கிழிந்தது.

“இது கூர் இல்ல மாப்ள, பிசிரு. ஒரே பக்கம் தேய்ச்சா இரும்பு அந்தப் பக்கம் மடிஞ்சு நிக்கும். அதைத் தொட்டுப் பாத்துட்டா துள்ளிக் குதிச்சு வந்தீங்க?”

பட்டறையே சிரித்தது. அதோடு விட்டாரா? கத்தியின் வாயைக் கல்லின் முனையில் நறநறவென்று தேய்த்து மழுக்கி, “மறுபடி மொதல்லேருந்து” என்று நீட்டினார்.

தினமும் இதே கூத்துதான். மாப்பிள்ளை பொறுமைசாலி என்று சொல்ல ஆசை. உண்மையில் அவருக்குப் போக்கிடம் இல்லை. பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் தோல்வாரில் பின்பக்கமாக இழுத்துப் பிசிரை ஒழிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு மதியம் கத்தி சத்தமே இல்லாமல் மரத்தில் இறங்கியது. சீவல் சுருண்டு விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“முடி வழிக்குமா?” என்றார் மச்சான். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார்.

“கை எதுக்கு? மீசைதான் இருக்கே.”

எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். வாலிபத்திலிருந்து முறுக்கி முறுக்கி வளர்த்த மீசை. மாப்பிள்ளை பெஞ்சைப் பார்த்தார். கல் நனைக்கும் தண்ணீரைத் தொட்டுத் தடவிக்கொண்டு வழித்தார். ஒரு கீறல் விழவில்லை.

“அட்டகாசம்!” மச்சான் கைதட்டினார். பட்டறையில் மழுங்கிக் கிடந்த கத்தி, உளி எல்லாவற்றையும் வாரிவந்து அவர் முன்னால் கொட்டினார். “இப்படித் தீட்டுற ஆளைப் பெஞ்சுல உக்கார வச்சு வீணடிக்க நான் என்ன முட்டாளா? இனிமே இதுதான் உங்க வேலை. பெஞ்சுக்கு வேற ஆளைப் பேசியாச்சு.”

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடையோடு மனைவி வந்தாள். நடந்ததை அண்ணன் ஒன்றுவிடாமல் சொன்னார். மாப்பிள்ளை மொட்டை உதட்டோடு நிமிர்ந்தார். நமக்காக இவள் ஒரு வார்த்தை பேசுவாள் என்று நம்பினார், பாவம். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அண்ணனிடம் திரும்பினாள்.

“அண்ணா, வீட்டுல காய் நறுக்குற கத்தியும் மொக்கையாத்தான் கிடக்கு. நாளைக்குக் கொண்டு வரட்டுமா?”